நீள முன்னொட்டைச் சரிபார்ப்பது எப்படி? பைனரி தரவைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்கு வரும் லோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், எடை, அவ்வளவுதான். ஸ்கீமா, அதாவது எந்த வரிசையில் எத்தனை பைட் என்ற அமைப்பு, இப்படி:

பெயர்_நீளம்: 2 பைட், பெரிய பைட் முதலில்
பெயர்: பெயர்_நீளம் சொல்லும் அளவு
எடை: 4 பைட், இதிலும் பெரிய பைட் முதலில், கிலோவில்

அந்த முதல் 2 பைட்தான் நீள முன்னொட்டு. லோடோடு வரும் சீட்டு மாதிரி. சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் எடை போட்டுப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இந்த இடத்தில் வந்ததுதான். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள், கோரிக்கையில் வந்த நீள எண்ணை அப்படியே நம்பியதால், ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே கசிந்தது.

முதல் படி: நீளம் என்றால் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. 'தர்மபுரி' நம் கண்ணுக்கு 5 எழுத்து. எழுத்தை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். எழுதும் நிரல் 5 என்று போட்டுவிட்டால், படிக்கும் நிரல் 'ர' எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். அடுத்து வரும் 176, 224, 175, 141 என்ற நான்கு பைட்டையும் எடை என்று எடுத்துக்கொள்ளும். எவ்வளவு தெரியுமா? 296 கோடி கிலோவுக்கு மேல்! பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் பயமே.

இரண்டாம் படி: நீளத்தைப் படித்ததும், மீதி எத்தனை பைட் இருக்கிறது என்று பாருங்கள். இதுவரை படித்து வந்திருக்கும் பைட் எண்ணிக்கையை 'இடம்' என்போம். 'இடம் + நீளம் ≤ மொத்தம்' என்று எழுதாதீர்கள். 32 பிட் எண்ணில் அந்தக் கூட்டல் நிரம்பி வழிந்து சின்ன எண்ணாகத் திரும்பலாம். 'நீளம் ≤ மொத்தம் − இடம்' என்பதே பத்திரம். நினைவகம் ஒதுக்குவது இதற்கு அப்புறம்தான். 4 பைட் முன்னொட்டு என்றால், பத்து பைட் கோப்புகூட 4 ஜிபி கேட்க முடியும்.

மூன்றாம் படி: ஸ்கீமாவிலேயே உச்சவரம்பு வையுங்கள். ஊர்ப் பெயருக்கு 120 பைட் தாராளம். பைனரி அமைப்பை எழுதிக்கொடுத்தால் படிக்கும் நிரலை உருவாக்கித் தரும் கைட்டாய் ஸ்ட்ரக்ட் கருவியைப் பயன்படுத்தினால் 'வேலிட்' பகுதியில் இதை எழுதலாம்.

சரி, சோதித்துவிடலாம். தர்மபுரி பதிவு மொத்தம் 30 பைட். முதல் இரண்டு பைட்டையும் 255 ஆக்குங்கள். "65535 கேட்கிறது, 28தான் இருக்கிறது" என்று நிரல் நிற்க வேண்டும். அப்புறம் நீளத்தை 25 ஆக்கிப் பாருங்கள். பெயர் தேறிவிடும், எடைக்கு 3 பைட்தான் மிஞ்சும். அங்கேயும் நிற்க வேண்டும்.