சூறாவளிக் காலத்தில் கரீபியன் குரூஸ்: முதல் தடவை போகிறவர்களுக்கு

செப்டம்பர் மாதத்துக் கரீபியன் குரூஸ் கட்டணத்தைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். அமெரிக்காவில் பள்ளிகள் திறந்துவிட்டன, கூடவே சூறாவளிக் காலம். கோடை விடுமுறையில் எட்டாத விலையில் இருந்த பால்கனி அறை திடீரென்று கைக்கு எட்டும்.

"நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டால்?" என்று எங்கள் வீட்டில் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய குரூஸ் கப்பல்கள் 20 நாட் (கப்பல் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 37 கிலோமீட்டர் ஓடக்கூடியவை. கரீபியன் கடலில் சூறாவளி பெரும்பாலும் அதைவிட மெதுவாகவே நகரும். கேப்டன் இரண்டு மூன்று நாள் முன்பே வழியை மாற்றிக்கொண்டு விலகிப் போய்விடுவார். கப்பல் ஓடிவிடும், துறைமுகத்தால் ஓட முடியாது. அதனால் அடி விழுவது உங்கள் தேதிகளுக்கும் பார்க்க நினைத்த தீவுகளுக்கும்தான். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகவே.

படி 1: மாதம்

அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி ஆண்டுக்கு 14 புயல்கள் பெயர் பெறுகின்றன. அவற்றில் 7 சூறாவளியாகின்றன, 3 பெரும் சூறாவளியாகின்றன. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை கடல் சூடாக இருப்பதால் அதுதான் நெருக்கடியான காலம். முதல் தடவை என்றால் ஜூன் அல்லது நவம்பர் பின்பாதி நல்லது. அதற்காக முழுதாக நம்பிவிடவும் வேண்டாம்: 2024-இல் பெரில் என்ற புயல் ஜூலை தொடக்கத்திலேயே மிகக் கடுமையான 5-ஆம் வகைச் சூறாவளி ஆனது.

படி 2: வழித்தடம்

கிழக்குக் கரீபியன் என்றால் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். மேற்கு என்றால் மெக்சிகோவின் கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா. தெற்கில் அருபா, போனேர், குராசாவ். இந்த மூன்றும் தென் அமெரிக்கக் கரையை ஒட்டி, புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குக் கீழே இருக்கின்றன. அருபாவின் அட்சரேகை ஏறக்குறைய சென்னையுடையதுதான். ஆனால் சென்னைக்கு வருவதுபோல அங்கே புயல் வருவதில்லை. யோகம் என்றுதான் சொல்ல வேண்டும். சூறாவளிக் காலத்தில் எனக்குப் பிடித்தது தெற்கு வழிதான். நாட்கள் கூடுதலாகும் என்பது மட்டுமே குறை. ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பினால் போகவரப் புயல் பாதையைக் கடந்தாக வேண்டும். போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவானில் ஏறினால் அந்தத் தூரம் குறையும்.

கிராண்ட் கேமனில் கப்பல் கரையில் கட்டுவதில்லை, சின்னப் படகில்தான் இறக்கிவிடுவார்கள். புயல் எங்கோ இருந்து அலை மட்டும் வந்தாலே அந்த ஊர் ரத்தாகிவிடும். ஒரே ஒரு தீவுக்காக மட்டும் டிக்கெட் வாங்காதீர்கள்.

படி 3: காப்பீடு, முன்பணம் கட்டிய அன்றே

இதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்துவிட்டால், காப்பீட்டு நிறுவனங்களுக்கு அது தெரிந்த ஆபத்து. அதற்குப் பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலுக்குச் செல்லாது. டிவியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாங்க ஓடினால் பயனில்லை.

பாலிசியில் இரண்டு விஷயம் பாருங்கள். பயணத் தாமதத்துக்கு ஓட்டல், சாப்பாட்டுச் செலவு தருகிறதா? 'எந்தக் காரணத்துக்காகவும் ரத்து' என்ற வசதி உண்டா? பின்னது விலை அதிகம். வழக்கமாக முதல் பணம் கட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுக்க வேண்டும், கட்டியதில் 50 முதல் 75 சதவீதம்தான் திரும்ப வரும். ஆனால் 'பயமாக இருக்கிறது, போகவில்லை' என்பதற்குப் பணம் தருவது அது ஒன்றுதான்.

கப்பல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். ஊரை மாற்றவோ தவிர்க்கவோ அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கும். ஒரு ஊர் விட்டுப்போனால் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பது அந்தத் துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும்தான். கப்பல் மூலமாகப் பதிவு செய்த சுற்றுலாவுக்குப் பணம் தானாக வந்துவிடும். வெளியே பதிவு செய்தால் 'கப்பல் வராவிட்டால் பணம் உண்டா' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ஆவணங்கள்

கிழக்கே கிளம்பிய கப்பல் மறுநாள் மேற்கே திரும்பலாம். அப்போது பட்டியலில் இல்லாத மெக்சிகோ வந்து நிற்கும். அதனால் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கிழக்கு, மேற்கு ஆகிய இரு வழித்தடங்களிலும் உள்ள நாடுகளின் விசா விதிகளையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பலமுறை நுழையும் அமெரிக்க விசா செல்லுபடியில் இருக்கிறதா, கிரீன் கார்டு கையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்கக் குடிமக்கள் ஒரே அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி இறங்கும் குரூஸுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வைத்தே போகலாம். ஆனாலும் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் இறங்கி விமானம் ஏற நேர்ந்தால் அது இல்லாமல் முடியாது.

படி 5: விமானமும் மாத்திரையும்

ஒரு நாள் முன்பே துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள். திரும்பும் விமானத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். கப்பல் காலை 7 மணிக்கு வரும் என்று நம்பி 11 மணி விமானம் போட்டிருந்தேன். துறைமுகம் மூடியிருந்ததால் மறுநாள்தான் கரை சேர்ந்தோம். மாற்று டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு குரூஸ் போயிருக்கலாம்! இப்போதெல்லாம் மாற்றக்கூடிய டிக்கெட்தான் வாங்குகிறேன், அலுவலகத்திலும் இரண்டு நாள் கூடுதல் விடுப்பு சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஹார்வி சூறாவளி டெக்சஸைத் தாக்கியபோது அங்குள்ள கால்வெஸ்டன் துறைமுகம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. திரும்ப வேண்டிய கப்பல்கள் பயணிகளோடு கடலிலேயே காத்திருந்தன.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நாலைந்து நாளைக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போடாதீர்கள்.

படி 6: வரைபடம் பார்க்கப் பழகுங்கள்

கிளம்பும் வாரத்தில் வாட்ஸ்அப் வதந்திகளை விட்டுவிட்டு, மயாமியில் உள்ள அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் தளத்தைப் பாருங்கள். அடுத்த 7 நாளில் எங்கே புயல் உருவாகலாம் என்று நிறத்தால் காட்டுவார்கள்: மஞ்சள் என்றால் 40 சதவீதத்துக்குக் கீழ், ஆரஞ்சு 60 வரை, அதற்கு மேல் சிவப்பு. புயல் உருவாகிவிட்டால் 6 மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை வரும். அதோடு ஒரு கூம்பு வரைவார்கள். கூம்பின் அகலம் புயலின் அகலம் அல்ல; புயலின் மையம் போகக்கூடிய பாதைதான் அது. மூன்றில் இரண்டு தடவை மையம் அதற்குள் இருக்கும். காற்றும் மழையும் கூம்புக்கு வெளியேயும் வரும்.

நம் ஊர்த் துறைமுகங்களில் ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா? அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் அதற்கு நாலு பெயர். பலத்த காற்று வர 72 மணி நேரம் இருக்கும்போது விஸ்கி, 48-இல் எக்ஸ்ரே, 24-இல் யாங்கி, 12-இல் ஜூலு. ஜூலு என்றால் துறைமுகம் மூடியாகிவிட்டது. உங்கள் துறைமுகத்துக்கு எக்ஸ்ரே அறிவித்ததும் கப்பல் நிறுவனத்தின் குறுஞ்செய்தியை அடிக்கடி பாருங்கள், புறப்படும் நேரமே மாறியிருக்கும்.

படி 7: கப்பலில்

புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதன் அலை உருண்டு வரும். அறை எடுக்கும்போதே கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அம்மா இஞ்சி முரப்பாவோடு சமாளித்தார். லிஃப்ட் பக்கத்தில் வாந்திப் பைகளைத் தொங்கவிட்டால், நீச்சல் குளத்தில் தண்ணீரை இறக்கினால், கடல் கொந்தளிக்கப் போகிறது என்று பொருள். கைப்பிடியைப் பிடித்து நடங்கள், பால்கனிக் கதவைச் சாத்துங்கள்.

ஊர் மாறுகிறது என்று கேப்டன் அறிவித்தால் உடனே சுற்றுலா கவுண்டருக்குப் போங்கள். புதிய ஊரின் நல்ல சுற்றுலாக்களில் இடங்கள் அரை மணியில் தீர்ந்துவிடும். முந்தைய சுற்றுலாவின் பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.