குழந்தைக்காக ஜெபிக்கும் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், சபையில் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கேள்வி மனைவிக்குத்தான். உபவாசமும் அவளுக்குத்தான். தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது.

வேதாகமத்தில், ஆதியாகமம் 25-இல், பிள்ளையில்லாத தன் மனைவி ரெபெக்காளுக்காக வேண்டுதல் செய்தவர் ஈசாக்கு. அவளைக் கட்டியபோது அவருக்கு 40 வயது, இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது 60. நம் ஆண்கள் பலர் ஜெபத்தை மனைவி தலையில் கட்டிவிட்டு, விந்தணுப் பரிசோதனை என்றதும் நழுவிவிடுகிறார்கள். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது.

அப்புறம், டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைவு என்ற பேச்சு. 12 மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதத்திலேயே. ஜெபித்துக்கொண்டே போகலாம், யார் தடுத்தார்கள்? இதைவிட மோசம், உபவாச நாளில் தைராய்டு, சர்க்கரை மாத்திரைகளைத் தானாகவே நிறுத்துவது. சில மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். உபவாசம் இருப்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"என்ன பாவம் செய்தோம்?" என்று பழைய கணக்கைத் தோண்டுவதும் வேண்டாம். ஆசாரியன் சகரியாவும் அவர் மனைவி எலிசபெத்தும் குற்றமற்று நடந்தவர்கள் என்று தன் சுவிசேஷத்தில் சொல்லும் லூக்கா, அடுத்த வசனத்திலேயே அவர்களுக்குப் பிள்ளையில்லை என்கிறார். அழாமல், ஒழுங்கான வார்த்தைகளில் ஜெபிக்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளையில்லாத அன்னாள் அழுது, உதடு மட்டும் அசைய ஜெபித்ததைப் பார்த்து, அவள் குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியன் ஏலி நினைத்தார்.

சுற்றியிருப்பவர்களுக்கும் ஒன்று. "அடுத்த வருஷம் இந்நேரம் கையில் பிள்ளை இருக்கும்" என்று பார்க்கிற ஜோடிக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுக்காதீர்கள். சூனேம் ஊரில் பிள்ளையில்லாத ஒரு பெண்ணிடம் தீர்க்கதரிசி எலிசா அப்படிச் சொன்னபோது, அது உண்மையிலேயே நடக்கப்போகிற விஷயம்தான். அப்படியிருந்தும், பொய் சொல்ல வேண்டாம் என்று சூனேம் ஊர்க்காரி கெஞ்சினாள். குறித்த தேதி கடந்துபோனால் சொன்னவர் மறந்துவிடுவார். மாதாமாதம் ஏமாறுகிறவள் அந்த மனைவிதான். பிறந்த குழந்தையைக் கடவுளுக்கு அர்ப்பணிக்கும் குழந்தைப் பிரதிஷ்டை நடக்கும் ஞாயிறன்று அந்தத் தம்பதி வரவில்லையா? சரி, விடுங்கள். திங்கட்கிழமை போன் போட்டு ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டாம்.