ஊர் வரலாற்றில் வரும் சட்டசபை உறுப்பினரின் பதவிக் காலத்தைச் சரியாக எழுதுவது எப்படி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டிய பழைய ஊர்களில், பள்ளிக்கூடத்து அடிக்கல்லிலோ வீட்டு முன்கூடத்தில் மாட்டிய படத்தின் அடியிலோ 'எம்.எல்.ஏ.' அல்லது 'எம்.எல்.சி.' என்ற எழுத்துகளோடு ஒரு பெயரைக் காண நேரும். குடமுழுக்கு மலரோ பள்ளி நூற்றாண்டு மலரோ ஜமாஅத் வரலாறோ தொகுப்பவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் '1937 முதல் 1952 வரை' என்று தோராயமாக ஓர் ஆண்டுக் கணக்கைச் சேர்த்து அச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மலரில் ஏறிய பிழை அடுத்த மலருக்கு ஆதாரமாகிவிடுகிறது. ஒரு பள்ளி மலருக்காக நானும் இதே பிழையைச் செய்து, உறுப்பினர் ஒருவருக்கு அவர் வகிக்காத ஒன்பது ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்தேன். அவருடைய குடும்பத்தார் பாதுகாத்து வைத்திருந்த தேர்தல் துண்டறிக்கையைப் பார்த்த பிறகுதான் அவர் 1946இல் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது தெரிந்தது. அதன் பின் நான் கடைப்பிடித்து வரும் முறையை, நம் கரையோர ஊர்களின் வரலாற்றை எழுத முனைவோருக்காக இங்கே விளக்குகிறேன்.

தேடலை மனிதரிடமிருந்து தொடங்காமல் சபையிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் இருந்தது எந்தச் சபை, அது எப்போது அமைந்து எப்போது முடிந்தது என்பதை முதலில் நிலைநிறுத்துங்கள். அதன் பிறகு அந்தச் சபையில் அவர் வகித்த இடம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். பெயரும் ஆண்டும் இவ்விரண்டுக்கும் பிறகே வர வேண்டும்.

எம்.எல்.சி. என்ற மூன்றெழுத்திலேயே முதல் குழப்பம் இருக்கிறது. 1920 முதல் 1937 வரை சென்னை மாகாணத்துக்கு இருந்தது ஒரே சபைதான்; அதற்குச் சட்டமன்றக் கவுன்சில் என்று பெயர். 132 பேர் கொண்ட அந்தச் சபையில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 34 பேர் நியமனம் பெற்றவர்கள். அதன் காலம் மூன்று ஆண்டு என்று விதிக்கப்பட்டிருந்தாலும் தேர்தல்கள் 1920, 1923, 1926, 1930, 1934 ஆகிய ஆண்டுகளில் நடந்தன என்பதிலிருந்தே, விதித்த காலமும் நடந்த காலமும் ஒன்றாக இருக்கவில்லை என்பது விளங்கும். ஆகவே 1925ஆம் ஆண்டுக் கல்லில் எம்.எல்.சி. என்று இருந்தால் அவர் அந்த ஒரே சபையின் உறுப்பினர். 1940களின் கல்லில் அதே எழுத்துகள் இருந்தாலோ அவர் மேலவை உறுப்பினர். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் 215 உறுப்பினர் கொண்ட கீழவையையும், கவுன்சில் என்ற அதே பெயரில் 54 முதல் 56 பேர் வரை கொண்ட மேலவையையும் ஏற்படுத்தியதால் வந்த மாற்றம் இது. மேலவை 1986 நவம்பர் 1 அன்று நீக்கப்பட்டது.

1937 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் காங்கிரஸ் 215இல் 159 இடங்களைப் பிடித்தது. ஜூலையில் இராஜாஜி பதவியேற்றார். உலகப் போர் மூண்டதை ஒட்டி 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியது. மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சிக்குள் போனது. ஐந்தாண்டுக் கணக்குப்படி 1942இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் போரின் காரணமாக 1946 வரை தள்ளிப்போனது. அதனால் 1937இல் வென்ற ஒருவர், பெயருக்கு நெடுங்காலம் உறுப்பினராக இருந்தாலும், அவையில் அமர்ந்து பணியாற்றியது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள்தான். அவருடைய சாதனைகளை எழுதும்போது 1941இலோ 1943இலோ 'சட்டசபையில் பேசிப் பெற்றுத் தந்தார்' என்று ஒரு செய்தி வந்தால், அதைச் சந்தேகத்தோடு நோக்குவது அவசியம். அந்த ஆண்டுகளில் பேசுவதற்கு அவை கூடவில்லை.

1946 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்கு வேறு விதமான நீட்சி வாய்த்தது. அந்தச் சபை நாட்டு விடுதலையைக் கண்டது. அதன் உறுப்பினர்களே வாக்களித்துச் சென்னை மாகாணத்தின் 49 பிரதிநிதிகளை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பினார்கள். 1950 ஜனவரி 26க்குப் பிறகும் புதிய தேர்தல் முடியும் வரை அதுவே மாநிலச் சட்டமன்றமாகத் தொடர்ந்தது. த. பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், பூ.ச. குமாரசாமி ராஜா ஆகிய மூவரும் அடுத்தடுத்து அரசுக்குத் தலைமை தாங்கினர். நம் கரையோர மக்களின் வாழ்வை இந்தச் சபை மாற்றியதைப் போல வேறெந்தச் சபையும் மாற்றவில்லை என்பது என் உறுதியான எண்ணம்: 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இங்கேதான் நிறைவேறியது, 1949இல் இராமநாதபுரம் ஜமீன் அரசின் கைக்கு வந்தது. இன்றும் நிலத் தகராறுகளில் 'சமஸ்தானத்துப் பத்திரம்' என்று எடுத்து வைக்கிறார்களே, அதன் வரலாற்றைத் தேடுபவர்கள் இந்தச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்தே ஆக வேண்டும்.

அந்தக் காலத்து நாளிதழ்களில் 'சென்னைப் பிரதம மந்திரி' என்று வருவதைக் கண்டு திகைக்க வேண்டாம். மாகாண அரசின் தலைவரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். குமாரசாமி ராஜா பதவியில் இருக்கும்போதே அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததால், ஒரே மனிதரைப் பிரதமர் என்றும் முதலமைச்சர் என்றும் இரு விதமாகவும் காண்பீர்கள்.

அடுத்தது உறுப்பினர் வகித்த இடம். இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 1937, 1946 தேர்தல்களில் 'எங்கள் ஊர் எம்.எல்.ஏ. யார்' என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. 215 இடங்களில் பொதுத் தொகுதிகளுக்கு 146 இடங்கள். அவற்றுள் 30 தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, பெண்களுக்கு 8, நிலச்சுவான்தார்களுக்கு 6, வணிகத்துக்கும் தொழிலுக்கும் 6, தொழிலாளர்களுக்கு 6, ஐரோப்பியர்களுக்கு 3, ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, பல்கலைக்கழகத்துக்கு 1, பின்தங்கிய பகுதிக்கு 1 எனப் பிரிந்திருந்தன. கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ தேவிபட்டினத்திலோ ஒரே தெருவின் இரு பக்கத்து வீட்டார், ஒருவர் முஸ்லிம் தொகுதி வாக்காளராகவும் மற்றவர் பொதுத் தொகுதி வாக்காளராகவும் இருந்து, வெவ்வேறு வேட்பாளர்களுக்கு வாக்களித்தார்கள். தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவர்களுக்கான தனித் தொகுதி இருந்தது. அதன் எல்லை பொதுத் தொகுதியின் எல்லையைவிட மிகப் பெரியது, ஏனெனில் மாகாணம் முழுவதற்குமே எட்டு இடங்கள்தான். எனவே கீழக்கரைக் குடும்பம் ஒன்றின் பெரியவர் 1946இல் யாருக்கு வாக்களித்தார் என்று எழுதும்போது, பொதுத் தொகுதியில் வென்றவரின் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேர்தலில் முஸ்லிம் தொகுதிகள் 28இலும் முஸ்லிம் லீக் வென்றது.

வாக்குரிமையும் எல்லோருக்கும் இருக்கவில்லை. வரி, சொத்து, படிப்பு ஆகியவற்றை வைத்தே வாக்காளர் பட்டியல் எழுதப்பட்டது. வலையும் வள்ளமும் தவிர வேறு உடைமை இல்லாத கடற்றொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலோர் முதன்முதலாக வாக்களித்தது 1952 ஜனவரியில்தான். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், வீட்டு நினைவுகளின் காலத்தைக் கணிக்க இது உதவும். தாத்தா 'மஞ்சள் பெட்டி'யில் ஓட்டுப் போட்டதாக ஒரு நினைவு இருந்தால் அது 1937ஆம் ஆண்டைச் சுட்டுகிறது. அந்தத் தேர்தலில் காங்கிரசின் பெட்டி மஞ்சள் நிறம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி இருந்ததாகவும், சீட்டில் எந்தக் குறியும் இடாமல் பெட்டியில் போட்டதாகவும் பாட்டி சொல்லியிருந்தால் அது 1952 அல்லது 1957.

1952 சபையில் 375 இடங்கள், ஆனால் 309 தொகுதிகள். இந்த இரண்டு எண்களும் பொருந்தாததற்குக் காரணம் 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்ததே. அவற்றில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டிருந்தது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் உண்டு, இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. ஒரே ஆண்டில் ஒரே தொகுதிக்கு இரண்டு பெயர்கள் கிடைத்தால் ஒன்றைப் பிழையென்று அடித்துவிட வேண்டாம். இருவருமே உறுப்பினராக இருந்திருக்கலாம். ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்றவரின் பெயரே மலர்களில் விடுபட்டுப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தப் பெயரைத் தேடிச் சேர்ப்பது தொகுப்பாளரின் கடமை. இந்த இரட்டை உறுப்பினர் முறை 1961இல் ஒழிக்கப்பட்டது.

அவையின் மொத்த எண்ணிக்கையும் ஒரே சபைக் காலத்துக்குள் மாறியது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்து, பெல்லாரிப் பகுதி மைசூருடன் சேர்ந்தபோது 375 என்பது 231 ஆயிற்று. 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்துக்குப் போனபின் 190 ஆயிற்று. 1957 தேர்தலுக்கு 205. பின்னர் 206 ஆகி, 1967இல் 234 ஆனது.

'இராமநாதபுரம்' என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. 1910இல் அமைந்த பழைய ஜில்லா 1985இல் மூன்றாகப் பிரியும் வரை, சிவகங்கையும் விருதுநகரும் அதில் அடங்கியிருந்தன. ஆகவே 'ராமநாதபுரம் ஜில்லா உறுப்பினர்' என்று பழைய ஏட்டில் இருப்பவர் சாத்தூரையோ இராஜபாளையத்தையோ சேர்ந்தவராக இருக்கலாம்; 1937இல் சாத்தூரிலிருந்து சென்ற காமராஜரும் அந்தக் கணக்கில் இராமநாதபுரம் ஜில்லாக்காரரே. அதோடு, 1952 முதல் இராமநாதபுரம் என்ற பெயரில் நாடாளுமன்றத் தொகுதியும் சட்டமன்றத் தொகுதியும் உள்ளன. ஒன்றின் உறுப்பினரை மற்றதில் சேர்த்துவிடுவது எளிது.

சபையின் காலம் தெரிந்தாலும் மனிதரின் காலம் அதிலிருந்து வேறுபடலாம். இதற்கு நம் மண்ணிலிருந்தே சிறந்த சான்று இருக்கிறது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் 1937இல் இராமநாதபுரம் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதியை எதிர்த்து வென்றார். 1946இல் போட்டியின்றித் தேர்வானார். 1952இல் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்று சட்டமன்ற இடத்தை வைத்துக்கொண்டார். 1957இல் திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூரிலும் வென்று, இம்முறை நாடாளுமன்ற இடத்தை வைத்துக்கொண்டார். அதனால் முதுகுளத்தூரில் அதே ஆண்டு இடைத்தேர்தல் நடந்து சசிவர்ணத் தேவர் உறுப்பினரானார். பொதுத்தேர்தல் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மாற்றம் தெரியாது. 1937இல் தோற்ற சேதுபதியோ, வயது வந்த அனைவரும் வாக்களித்த 1952 தேர்தலில் இராமநாதபுரத்தில் வென்று, இராஜாஜி, காமராஜர் ஆகிய இருவரின் அமைச்சரவைகளிலும் இடம்பெற்றார். எனவே ஒவ்வொரு பெயருக்கும் பதவி விலகல், இறப்பு, இடைத்தேர்தல், தேர்தல் வழக்கு ஆகிய நான்கையும் தனித்தனியே சரிபாருங்கள்.

கல்லில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் கணக்கு இது: 1937 பிப்ரவரித் தேர்தல் தாது ஆண்டில் நடந்தது, 1946 மார்ச் பார்த்திப ஆண்டு, 1952 ஜனவரி கர ஆண்டு. சித்திரையில் ஆண்டு மாறுவதால், மாதப் பெயர் இல்லாத கல்லை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பள்ளிவாசல் கல்வெட்டில் ஹிஜ்ரி 1365 என்றிருந்தால், அது 1945 டிசம்பர் தொடங்கி 1946 நவம்பர் வரை.

சரிபார்க்கும் இடங்களைப் பொறுத்தவரை, 1952 முதல் நடந்த தேர்தல்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அவற்றில் தொகுதிவாரியாக வாக்கு எண்ணிக்கையும் உண்டு. அதற்கு முந்திய தேர்தல்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்வதே நல்லது. அரசிதழில் முடிவுகளும் உறுப்பினர் பெயர்களும் அறிவிக்கப்பட்டிருக்கும். சட்டசபை நடவடிக்கைத் தொகுதிகளில் உறுப்பினர் பெயர் இருந்தால், அந்த நாளில் அவர் உறுப்பினராக இருந்தார் என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை. நாளிதழ்களில் சுதேசமித்திரனையும் தினமணியையும் தேர்தலுக்கு அடுத்த இரண்டு வாரங்களுக்குப் புரட்டுங்கள். தனுஷ்கோடியில் வாழ்ந்த குடும்பங்களின் காகிதங்கள் 1964 டிசம்பர்ப் புயலில் போய்விட்டன; அவர்களைப் பொறுத்தவரை, சென்னையில் உள்ள இந்த ஏடுகளே மிஞ்சியிருக்கும் சான்று என்பதால், அந்தப் பயணத்தை வீண் செலவாகக் கருத வேண்டாம்.

எல்லாம் கிடைத்த பிறகு படத்தின் அடியில் எழுதும் வரியில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: சபையின் பெயர், தொகுதியின் பெயரும் வகையும், தேர்வான தேர்தல், பதவி முடிந்த நாளும் அதன் காரணமும். 'சென்னை மாகாணச் சட்டசபை, முஸ்லிம் தொகுதி, 1946 பொதுத்தேர்தல், 1952இல் சபை முடியும் வரை' என்பது போல எழுதினால், பின்னால் வருபவர் ஒவ்வொரு துண்டையும் தனியே சோதித்துப் பார்க்க முடியும். ஒரு பகுதிக்குச் சான்று கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அச்சிடுங்கள். மலரின் ஒரு படியை அந்தக் குடும்பத்தாரிடம் கொடுத்து, அவர்களிடம் உள்ள பழைய கடிதங்களையும் துண்டறிக்கைகளையும் படமெடுத்து வைக்க அனுமதி கேளுங்கள்.