ஜின்யீவெய் காவலரின் வாள்: குறும்படத்துக்கு ஃபோமில் செய்யும் முறை

சீனாவின் மிங் பேரரசர் ஹோங்வூ 1382-இல் அமைத்த மெய்க்காவல் படைதான் ஜின்யீவெய். ஒற்றறிவது, கைது செய்வது, விசாரிப்பது எல்லாம் இவர்கள் கையில் இருந்தன. இவர்களின் வாளுக்கு ஷியூச்சுன்தாவ் என்று பெயர். மிங் வரலாற்று ஏடு அந்தப் பெயரைச் சொல்கிறது. ஆனால் இதுதான் அது என்று உறுதியாகக் காட்ட ஒரு வாள்கூட மிஞ்சவில்லை. திரையில் நாம் பார்ப்பதெல்லாம் கலை இயக்குநர்களின் ஊகமே. அதனால் அளவில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் வளைவைக் கூட்டிவிடாதீர்கள். கூட்டினால் பார்ப்பவர் கண்ணுக்கு ஜப்பானிய வாளாகிவிடும்.

வேண்டியவை: 6 மி.மீ. ஈவிஏ ஃபோம் (மிருதுவான ரப்பர் போன்ற பொருள்) ஷீட், 6 மி.மீ. ஃபைபர் கம்பி 80 செ.மீ., ஃபெவிகால் எஸ்ஆர் (ரப்பர் பசை), வெள்ளை ஃபெவிகால், கட்டர், 220 எண் உப்புத்தாள், ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி), கறுப்பு, வெள்ளி நிற அக்ரிலிக் பெயின்ட், 3 மி.மீ. பருத்திக் கயிறு 7 மீட்டர்.

முதலில் அட்டையில் வரையுங்கள். அலகு (வாளின் வெட்டும் பகுதி) 65 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம்; பிடி 22 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். அலகின் வளைவு நடுவில் 1.5 செ.மீ. மட்டும் இருக்கட்டும். இந்த அளவுக்குக் காரணம் உண்டு: இதற்குள் கம்பி வளையாமல் நேராகவே படுத்துக்கொள்ளும். கம்பியை வளைத்துத் திணித்தால் அது நிமிரப் பார்க்கும். சில நாளில் வாள் கோணிவிடும்.

அட்டையை வைத்து இரண்டு ஃபோம் துண்டு வெட்டி, உள்பக்கங்களில் 3 மி.மீ. ஆழத்துக்குக் கம்பிக்கான பள்ளம் எடுங்கள். பள்ளம் முனைக்கு 5 செ.மீ. முன்பே நிற்க வேண்டும். கம்பி நுனியில் துணி டேப்பை நாலு சுற்றுச் சுற்றுங்கள். இந்த இரண்டையும் விட்டால் சண்டைக் காட்சியில் கம்பி ஃபோமைக் கிழித்து எதிராளியின் கண்ணுக்குப் போகும்.

ஒட்டும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். எஸ்ஆர் பசையை இரு பக்கமும் மெல்லிதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, ஏறக்குறைய 10 நிமிடம், காத்திருங்கள். ஈரத்தில் சேர்த்தால் பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகாமல் உள்ளே அடைபட்டு, பின்னால் பிளக்கும். கம்பியை ஒரு பள்ளத்தில் படுக்க வைத்துவிட்டு இரண்டு துண்டையும் சேருங்கள். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது. அதனால் பிடிப் பக்கத்திலிருந்து முனைவரை கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஒரு நாள் காயட்டும்.

அடுத்து, வெட்டும் விளிம்பை 1 செ.மீ. அகலத்துக்குச் சரிவாகச் சீவுங்கள். விளிம்பு 4 மி.மீ. தடிப்பாவது இருக்கட்டும். கட்டர் பிளேடு மழுங்கினால் ஃபோம் பிய்ந்து பல்லுப் பல்லாகும்; உடனே மாற்றுங்கள். உப்புத்தாள் தேய்த்து, ஹீட் கன்னை நிற்காமல் ஓட்டினால் துளைகள் மூடும். ஓரிடத்தில் நிறுத்தினால் பசை இளகி ஒட்டு திறக்கும்.

கைக்காப்புக்கு 7 செ.மீ. நீள்வட்டம் இரண்டு ஒட்டி, நடுவில் 3 செ.மீ.க்கு 11 மி.மீ. துளை போட்டு, பிடிப் பக்கமாக ஏற்றுங்கள். அது அலகின் தோளில், அதாவது பிடி முடிந்து அலகு அகலமாகும் இடத்தில், போய் நிற்கும். பிறகு பிடியின் இரு முகத்திலும் ஒவ்வொரு ஃபோம் பட்டை ஒட்டி உருட்டிச் சீவுங்கள்.

தண்ணீர் கலந்த வெள்ளை ஃபெவிகாலை மூன்று பூச்சு கொடுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. இது இல்லாமல் பெயின்ட் அடித்தால் முதல் வீச்சிலேயே வெடிக்கும். அதன்மேல் கறுப்பு, பிறகு கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் வெள்ளி. பளபளப்பு வேண்டாம், கேமரா விளக்கில் ஃபோமின் மேடுபள்ளம் அப்படியே தெரியும். கடைசியாகப் பிடியில் கயிற்றை இடைவெளியில்லாமல் சுற்றி, முனையைச் சுற்றுக்குள் இழுத்து ஒட்டுங்கள்.