ஒசாகாவில் ஹான்கியூ தகராசுகா ரயிலில் போய்வருவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பான் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஏறிப் பார்த்த திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். ஒசாகாவில் அரை நாள் கையில் மிஞ்சினால் ஹான்கியூ கம்பெனியின் தகராசுகா தடத்தில் ஒரு தடவை போய்வாருங்கள். ஒசாகாவின் மையப் பகுதியான உமேதாவிலிருந்து தகராசுகா வரை 24.5 கிலோமீட்டர், 19 நிலையங்கள், விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பார்க்கச் சாதாரணப் புறநகர் ரயில்தான். ஆனால் ரயில் கம்பெனியே மனை பிரித்து வீடு விற்பது, புறப்படும் நிலையத்தில் பெரிய கடை கட்டுவது, கடைசி நிலையத்தில் பொழுதுபோக்குக்கு ஓர் இடம் அமைப்பது என்று ஜப்பானின் பெருநகரங்களில் இன்று காண்கிற வழக்கம் வேர் பிடித்தது இங்கேதான்.

ஏறுவதற்கு முன் கொஞ்சம் கதை

1907-இல் மினோ அரிமா மின்சார ரயில் என்ற பெயரில் கம்பெனி தொடங்கினார்கள். மினோவில் அருவி, அரிமாவில் வெந்நீர் ஊற்று. சுற்றுலா வருகிறவர்களை நம்பித்தான் திட்டம். அந்த வருடமே பங்குச் சந்தை சரிந்தது. கம்பெனியின் பங்குகளில் கிட்டத்தட்டப் பாதியை வாங்க ஆளில்லை. வழியெல்லாம் வயலும் குன்றும்தான், பெரிய ஊர் ஒன்றும் கிடையாது. இதில் யார் ஏறப்போகிறார்கள் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

பொறுப்பை ஏற்றவர் கோபாயாஷி இச்சிசோ. மிட்சுய் வங்கியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தண்டவாளம் வரப்போகிற வழியை அவர் நடந்தே பார்த்தார். ரயில் இல்லாததால் அங்கே நிலம் மலிவு, ரயில் வந்துவிட்டால் விலை ஏறும். அப்படியானால் முதலில் நிலத்தை வாங்கிப் போட வேண்டும், அதில் வீடு கட்டி விற்க வேண்டும், குடிவந்தவர்கள் தினமும் ரயிலில் வேலைக்குப் போவார்கள். இதுதான் அவர் போட்ட கணக்கு. 1910 மார்ச் 10 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. அரிமாவுக்கு மட்டும் தடம் போகவே இல்லை. குறுக்கே மலை. தகராசுகாவோடு நின்றுவிட்டது.

சரி, இனி பயணத்துக்கு வருவோம்.

படி 1: கார்டு வாங்குங்கள்

இக்கோகா என்ற கார்டை ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலைய இயந்திரத்தில் வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் ஹான்கியூவிலும் செல்லும். நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை கேட்டில் வைத்தால் போதும், கட்டணத்தை அதுவே கழித்துக்கொள்ளும். காகித டிக்கெட்டுதான் வேண்டும் என்றால், இயந்திரத்துக்கு மேலே உள்ள வரைபடத்தில் நீங்கள் போகும் ஊருக்கு நேரே இருக்கிற தொகையைப் பார்த்து, அந்தத் தொகைக்கு வாங்குங்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வெளியே வர அது வேண்டும்.

படி 2: உமேதா நிலையத்தில் வழி கண்டுபிடியுங்கள்

ஜேஆரின் ஒசாகா நிலையமும் ஹான்கியூவின் ஒசாகா-உமேதா நிலையமும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடை. அரக்குச் சிவப்பு நிறத்தில் 'ஹான்கியூ' என்ற பலகை எங்கே தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். நகரும் படிக்கட்டில் ஒசாகாக்காரர்கள் வலப்பக்கம் நிற்பார்கள். டோக்கியோ பழக்கத்தில் இடப்பக்கம் நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபடும்.

போகிற வழியில் ஹான்கியூ கடையை ஒரு பார்வை பாருங்கள். 1929-இல் கோபாயாஷி தொடங்கியது. ரயில் நிலையத்தோடு சேர்த்து ரயில் கம்பெனியே பல்பொருள் அங்காடி நடத்துவது அதுவரை கேள்விப்படாத விஷயம். அதன் சாப்பாட்டு மாடியைப் பற்றி ஒரு கதை உண்டு. 1930-களின் பணமுடையில், ஐந்து சென் (நூறு சென் ஒரு யென்) கொடுத்து வெறும் சோறு மட்டும் வாங்கி, மேஜையில் இருக்கும் சாஸை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் பெருகினார்கள். மற்ற கடைகள் முகம் சுளித்தன. கோபாயாஷியோ சோறு மட்டும் சாப்பிடுகிறவர்களையும் வரவேற்கிறோம் என்று எழுதியே வைத்தார். இன்று கையில் காசில்லாத இளைஞன் நாளைக்குக் குடும்பத்தோடு வருவான் என்பது அவர் எண்ணம். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதே இதைப் படித்த பிறகுதான்.

படி 3: சரியான ரயிலில் ஏறுங்கள்

உள்ளே நுழைந்ததும் ஒன்பது தண்டவாளங்கள் வரிசையாக முடிகிற பெரிய கூடம். 1 முதல் 3 வரை கியோட்டோவுக்கு, 4 முதல் 6 வரை தகராசுகாவுக்கு, 7 முதல் 9 வரை கோபேவுக்கு. நமக்கான அடையாள நிறம் ஆரஞ்சு.

பலகையில் 急行 என்று இருந்தால் விரைவு ரயில், 普通 என்று இருந்தால் எல்லா நிலையத்திலும் நிற்பது. விரைவு ரயிலுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பகலில் சாதாரண ரயில் பெரும்பாலும் ஹிபாரிகாவோகா-ஹனயாஷிகியோடு நின்றுவிடும். அதனால் தகராசுகா போகிறவர்கள் விரைவு ரயிலைப் பிடியுங்கள். பெயர் படிக்க வராவிட்டால் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் எச்கே என்ற இரண்டு ஆங்கில எழுத்தோடு ஓர் எண் உண்டு. உமேதா 01, இக்கேதா 49, தகராசுகா 56.

ரயில் வந்து நின்றதும் கதவை முட்டாதீர்கள். ஒரு பக்கக் கதவில் எல்லோரும் இறங்கிய பிறகுதான், மறுபக்கக் கதவில் ஏறவேண்டும்.

உள்ளே மர வேலைப்பாடு போலத் தோன்றும் சுவர், ஆலிவ் பச்சை இருக்கை. இருக்கைத் துணி அங்கோரா ஆட்டு முடியில் நெய்தது. ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். மேல்நோக்கித் தடவினால் ஒரு நிறம், கீழ்நோக்கித் தடவினால் இன்னொரு நிறம். தினசரி அலுவலகக் கூட்டம் உட்கார்ந்து எழுகிற ரயிலில் இப்படி ஓர் இருக்கையை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

படி 4: முதல் ஐந்து நிமிடம் செல்போனைத் தொடாதீர்கள்

முடிந்தால் முதல் பெட்டியில், ஓட்டுநருக்குப் பின்னால் நில்லுங்கள். பகலில் மூன்று தடத்து ரயில்களும் ஒரே நேரத்தில் உமேதாவிலிருந்து கிளம்புவது உண்டு. இடப்பக்கம் கோபே ரயில், வலப்பக்கம் கியோட்டோ ரயில், நடுவில் நாம். மூன்றும் தோளோடு தோள் உரசுகிற மாதிரி ஓடி, யோதோ ஆற்றைக் கடந்து ஜுசோ வரை சேர்ந்தே போகும். பக்கத்து ரயிலில் இருப்பவரின் முகம்கூடத் தெரியும்.

அதற்கப்புறம் வீடுகள்தான். வழியில் தொயொனாகா வரும். இன்று நாடே பார்க்கிற பள்ளி மாணவர்களின் பேஸ்பால் போட்டி 1915-இல் முதன்முதலாக நடந்தது அங்கே, இந்தக் கம்பெனி கட்டிய மைதானத்தில்தான்.

படி 5: இக்கேதாவில் கட்டாயம் இறங்குங்கள்

நேரம் இல்லை என்றால் வேறு எதையாவது விடுங்கள், இதை விடாதீர்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே முரோமாச்சி. 1910-இல் கம்பெனி முதலில் விற்ற குடியிருப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் சுமார் நூறு சுபோ நிலம், நம் கணக்கில் எட்டு சென்ட். விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதலில் கட்டிவிட்டு, மீதியைப் பத்து வருடம் மாதத் தவணையாகக் கட்டலாம். வீட்டுக்குத் தவணை முறை என்பது அன்றைய ஜப்பானில் புதுசு. ஆலைப் புகை சூழ்ந்த ஒசாகாவில் வாடகைக்கு இருந்த சம்பளக்காரர்களுக்குச் சொந்த வீடும் தோட்டமும் கைக்கெட்டும் விஷயமானது அப்போதுதான்.

வீடுகள் பலவும் மாறிவிட்டன. ஆனால் கோடு போட்டது போன்ற நேரான தெருக்கள் அப்படியே இருக்கின்றன. குறுக்கும் நெடுக்கும் அரை மணி நேரம் நடந்தாலே போதும். மக்கள் குடியிருக்கும் தெரு என்பதால் வீடுகளைப் படமெடுக்க வேண்டாம், சத்தமும் வேண்டாம். கொஞ்சம் தள்ளி கோபாயாஷியின் வீடே நினைவு இல்லமாக இருக்கிறது. குழந்தைகள் உடன் வந்தால் கப் நூடுல்ஸ் மியூசியம் போகலாம். 1958-இல் அந்தோ மொமொஃபுகு உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்ததும் இதே ஊரில்தான்.

இலையுதிர் காலத்தில் போனால், இக்கேதாவுக்கு முந்தைய நிலையமான இஷிபாஷி ஹந்தாய்-மாயேயில் மாறி மினோவுக்கும் போகலாம். கிளைத் தடம் நான்கு கிலோமீட்டர்தான். அங்கிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் 33 மீட்டர் அருவி. வழிக் கடைகளில் மேப்பிள் இலையை உப்பில் ஊறப்போட்டு, இனிப்பு மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்கள். இலைக்குத் தனிச் சுவை ஒன்றுமில்லை, மாவுதான் ருசி.

படி 6: தகராசுகா

இக்கேதாவுக்கு அப்புறம் ரயிலின் வலப்பக்கம் உட்காருங்கள், மலை கூடவே வரும். கடைசி நிலையத்தில் இறங்கி, 'பூப்பாதை' என்று பொருள்படும் ஹனா நோ மிச்சி வழியாக நடந்தால் பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுகா அரங்கம். ஆண் வேடமும் பெண்களே கட்டுவார்கள்.

இதுவும் ரயிலுக்குக் கூட்டம் சேர்க்கப் பிறந்ததுதான். 1911-இல் இங்கே குளியல் விடுதி கட்டினார்கள். அடுத்த ஆண்டு உள்ளரங்க நீச்சல் குளம். தண்ணீர் சில்லிட்டுப்போய் யாரும் இறங்கவில்லை. குளத்தின் மேல் பலகை அடித்துப் பார்வையாளர் இடமாக்கி, உடை மாற்றும் அறையை மேடையாக்கி, 1914 ஏப்ரல் 1 அன்று சிறுமிகளை ஆடிப்பாட வைத்தார்கள். இன்றைய அரங்கம் 1993-இல் திறந்தது, 2,500-க்கும் அதிகமான இருக்கை. நிகழ்ச்சி பார்க்க ஆசை என்றால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம்.

படி 7: திரும்பும்போது வேறு வழி

வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. தகராசுகாவிலேயே இமாசு தடம் தொடங்குகிறது. 1921-இல் திறந்தது. அதில் ஏறி நிஷினோமியா-கிதாகுச்சியில் இறங்கி, கோபே தடத்தில் உமேதா பக்கம் போகும் ரயிலுக்கு மாறுங்கள். நிலையத்தை விட்டு வெளியே வராமலே மாறலாம், கார்டை எடுக்க வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் உமேதாவிலிருந்து வெளியே போகும் ரயில்களில்தான் நெரிசல். நீங்கள் எதிர்த்திசையில் போவதால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும்.