சங்கம் தொடங்குகிறீர்களா? யார் முடிவெடுப்பது என்பதை முதலில் எழுதுங்கள்

ஊர் நூலகம், மாலை வகுப்பு, ஏரிப் பராமரிப்பு என்று நல்ல எண்ணத்தோடு தொடங்கிய சங்கம்கூட "இதை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் உடைந்துபோவதுண்டு. அதனால் பெயர்ப்பலகைக்கு முன்னால் நிர்வாகத்தைச் சரிசெய்யுங்கள்.

1. ஆட்களைச் சேருங்கள்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்தது பொதுக்குழு. அதிலிருந்து வருவது நிர்வாகக் குழு: குறைந்தது 3 பேர், பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. ஒரே வீட்டிலிருந்து தலைவரும் பொருளாளரும் வேண்டாம். அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் கணக்குக் கேட்க மற்றவர்களுக்கு வாய் வராது.

2. துணை விதிகளை நீங்களே எழுதுங்கள்

வேறொரு சங்கத்தின் விதிகளில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது பலர் செய்வது. தயவுசெய்து வேண்டாம். உறுப்பினரை எப்படிச் சேர்ப்பது, எப்படி நீக்குவது, கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும், செயலாளர் பாதியில் விலகினால் அந்த இடத்துக்கு யார் என்பதையெல்லாம் மனஸ்தாபம் வருவதற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். எல்லாரும் நண்பர்களாக இருக்கும்போதுதான் இதை நியாயமாக எழுத முடியும்.

3. பணத்துக்கு இரண்டு கண்கள்

செலவுக்கு ஒப்புதல் தருபவரும் பணம் கொடுப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது. கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். செக்கில் இரண்டு கையெழுத்து கட்டாயம். நன்கொடையைச் சொந்த ஜிபே எண்ணில் வாங்காதீர்கள், அவசரத்துக்குக்கூட.

4. தீர்மானப் புத்தகம்

என்னைக் கேட்டால் சங்கத்தின் உயிரே இதுதான். "அலமாரி வாங்குவது பற்றிப் பேசப்பட்டது" என்று எழுதினால் எதுவும் முடிவாகவில்லை என்று அர்த்தம். இப்படி எழுதுங்கள்:

"நூலகத்துக்கு இரும்பு அலமாரி ஒன்று, ரூ.18,000க்கு மிகாமல் வாங்கத் தீர்மானிக்கப்பட்டது. மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெறுவது செயலாளர் பொறுப்பு. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்..."

மறுப்புச் சொன்னவர் பெயரையும் எழுதுங்கள், அது அவர் உரிமை. அப்புறம், வந்தவர்களிடம் கூட்டம் முடிந்த கையோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

5. ஆண்டுக் கூட்டம்

வருடத்துக்கொரு முறை பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கை வையுங்கள். கணக்கையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் தாக்கல் செய்யுங்கள். பொருளாளர் மாறினால் வங்கியிலும் கையெழுத்தை மாற்ற வேண்டும்; அங்கே முதலில் கேட்பது தீர்மான நகலைத்தான்.