பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பாடத்திட்டக் குழு, அதாவது போர்டு ஆஃப் ஸ்டடீஸ், கூடினாலே பாதி நாள் பாட நோக்கங்களின் வாசகத்திலேயே போய்விடுகிறது. முதல் தவறு இதுதான். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரான பிறகு, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்துக்காகப் பொறியியல் கல்லூரிகள் "படித்து முடித்தவரால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டு நோக்கங்களை எழுதியாக வேண்டும். அருமையான கேள்வி. ஆனால் பதில் எப்படி வருகிறது? ஐந்து யூனிட்டுக்கு ஐந்து சிஓ (கோர்ஸ் அவுட்கம், அதாவது ஒரு பாடத்தின் நோக்கம்), ஒவ்வொரு யூனிட் தலைப்புக்கும் பின்னால் ஒரு வினைச்சொல், அப்புறம் ஒவ்வொரு சிஓவும் முழுப் படிப்பின் நோக்கங்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்று எண்ணால் காட்டும் மேப்பிங் அட்டவணையில் போன தடவை போட்ட அதே 3, 2, 1. அந்த எண்ணை ஏன் போட்டோம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

வாசகத்தைத் தொடும் முன் பழைய கேள்வித்தாள்களை மேஜையில் பரப்புங்கள். சிஓவில் 'பகுத்தாய்வார்' என்று இருக்கும், பார்ட் ஏ-வில் பத்து டூ மார்க்கும் 'வரையறு', 'பட்டியலிடு', பார்ட் பி-யில் 13 மதிப்பெண்ணுக்கு 'விரிவாக விளக்குக', விடை நோட்ஸில் அப்படியே இருக்கும். மாணவர்கள் கேள்வித்தாளைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேர்வை மாற்றாமல் நோக்கத்தை மட்டும் மாற்றினால் வகுப்பில் ஒரு துரும்பும் அசையாது. தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் செமஸ்டர் தேர்வைப் பல்கலைக்கழகம்தான் நடத்துகிறது, அது உங்கள் கையில் இல்லை, சரி, இண்டர்னல் தேர்வு இருக்கிறதே, அதிலிருந்து தொடங்கலாம்.

பாடத்திட்டப் படிவத்தில் கற்பிக்கும் முறை என்ற கட்டத்தில் 'பிபிடி (ஸ்லைடு), ஐசிடி (கணினி வழிக் கற்பித்தல்)' என்று எழுதிவிட்டு நகர்வது அடுத்த தவறு. ஸ்லைடைப் பார்த்து வாசிப்பது கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைவிடக் கொஞ்சமும் மேலானதில்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில், ஐம்பது நிமிடத்தில், மாணவர் தானாக எதைச் செய்கிறார் என்று எழுதுங்கள். எழுத வரவில்லையா, குழுவில் இரண்டு பேர் ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும்.

புதுத் தலைப்புகளைச் சேர்க்கும் வேகம் பழையதை எடுப்பதில் இருப்பதில்லை. யார் பாடத்தையும் குறைத்து மனக்கசப்பு வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், கடைசி யூனிட் கடைசி வாரத்தில் ஓட்டமாக ஓடி முடிகிறது. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்கான யுஜிசி விதிப்படி குழுவில் பழைய மாணவர் ஒருவருக்கு இடமுண்டு, ஆனால் அந்த இடத்துக்கு வருபவர் எப்போதும் நன்றாகப் படித்தவர்தான். அரியர் வைத்துப் பாஸானவரையும் ஒரு மணி நேரம் கூப்பிட்டுக் கேளுங்கள், எந்தப் பாடம் எந்த இடத்தில் கைவிட்டது என்று அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அவர் சொன்னதை மினிட்ஸிலும் ஏற்றுங்கள்.